பாதம் வரைந்தவள்

“இந்தக் கண்றாவிய யாருடா மாட்டினது?”

ஃப்ரீசர் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவேதா கத்தினாள். உள்ளே அவள் அம்மா இருசம்மாள், மருமகளின் பட்டுப்புடவையில் கிடந்தாள். காலில் வெள்ளை சாக்ஸ். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுகிற, நீலக்கோடு ஓடுகிற சாக்ஸ். அதற்கு மேலேயே கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் ஒழுங்காகச் செருப்புகூடப் போடாத பொம்பளைக்கு!

தம்பி சித்தார்த் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “நான்தான்க்கா. மூடு மொதல்ல. எங்க ஷோரூம் மேனேஜரு, மாமனார் வூட்டு ஆளுங்கள்லாம் வராங்க. அந்தக் காலப் பாத்தா இன்னா நெனைப்பாங்க?”

“அம்மா செத்துட்டான்னு நெனைப்பாங்க.”

“உனுக்கு இன்னா? அந்தக் கால வச்சி நீ பேர் வாங்கிட்ட.”

சுவேதா மூடியை இறக்கினாள். அது டொப்பென்று விழுந்தது.

இருசம்மாள் கடலூர் முதுநகரில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை பார்த்தவள். விடிகாலையிலிருந்து ஐஸ் தண்ணீரிலும் குளோரின் தண்ணீரிலும் ஊறிய கால். விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். குதிகால் வெடிப்பில் கறுப்பு ஏறி, எத்தனை தேய்த்தாலும் போகாது. சின்ன வயசில் அந்தக் கால் தன்மேல் பட்டால் சுவேதா பாயைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் படுப்பாள். வீச்சம் அப்படி.

பிறகு ஓவியக் கல்லூரியில், நானூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் இத்தாலிக்காரரின் படத்தைப் புத்தகத்தில் பார்த்தாள். குழந்தையோடு வாசலில் நிற்கிற மாதா, எதிரே மண்டியிட்டிருக்கிற ஏழை யாத்திரிகர்கள் இருவர். அதில் ஒருவனின் அழுக்கான உள்ளங்கால்கள் பார்க்கிறவன் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தன. மாதாவை விட்டுவிட்டு அந்தக் கால்களை மட்டும் எடுத்துக்கொண்டாள். எட்டு மாசம் உழைத்து, அம்மாவின் கால்களாக ஐந்தடி கேன்வாஸில் வரைந்தாள். புதுச்சேரிக் கண்காட்சியில் பெரிய மனுஷர்களெல்லாம் அதன் முன்னால் நின்று உச்சுக்கொட்டினார்கள். சிதம்பரத்தில் டிராயிங் டீச்சர் வேலைகூட அந்தப் படத்தால்தான் கிடைத்தது.

அம்மாவும் பஸ் ஏறி வந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். “காலு சரி. மூஞ்சி எங்கடி?” என்று சிரித்தாள். சுவேதாவும் சிரித்தாள். அதற்கப்புறம் யார் வந்தாலும் அம்மா புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரிதான் சுவேதா இருந்தாள்.

சிதம்பரத்தில் தம்பி கட்டிய இந்த வீட்டுக்கு அம்மா வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வீடு முழுக்க ஊதுவத்தி நெடி. தம்பி பெண்டாட்டி பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மல்லிகை ஸ்ப்ரே வேறு அடித்தாள். பிணம்கூட நாறவில்லை, இந்த மல்லிகைதான் நாறியது. போர்ட்டிகோவில் தம்பியின் மாமனார் திருநாவுக்கரசு இலையைத் துடைத்துத் துடைத்து இட்லி தின்றுகொண்டே, “கார் நிறுத்தத்தான் எடம் பத்தாது மாப்ள” என்றார்.

பதினொரு மணிக்கு ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கதிர்வேல் வந்தார். “ஆதார் போட்டோ ஆவாது தம்பி. பெருசாக்குனா கட்டம் கட்டமா ஒடையும். வேற ஒண்ணு குடுங்க.”

வேறு இல்லை. தம்பி கல்யாண ஆல்பத்தில் அம்மா எல்லாப் படத்திலும் யாரோ ஒருத்தர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

“அக்கா, உன் போன்ல இருக்குமே. நாள் முழுக்க அம்மாவப் படம் புடிப்பியே?”

சுவேதா போனை எடுத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கால். இடது கால். குதிகால். விரலிடுக்கு. வெயிலில் கால், ஈரத்தில் கால். இருநூற்றுப் பன்னிரண்டு படம். ஒன்றில் மட்டும் தாடை வரைக்கும் வந்திருந்தது, அதற்கு மேல் இல்லை. தம்பி எட்டிப் பார்த்தான். அவன் ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ஒண்ணும் பிரச்சன இல்ல,” என்றார் கதிர்வேல். “இப்ப இருக்குற மொகத்தையே எடுத்துக்கறேன். வாய்க்கட்ட மட்டும் ஒரு நிமிசம் அவுத்துடுங்க. நெத்திக் காச அழிச்சிடலாம். கண்ணு எங்கிட்ட நெறய ஸ்டாக் இருக்குது மேடம். நடிகைங்க கண்ணுகூட வச்சிருக்கேன், அளவு பாத்துப் பொருத்திடுவேன்.”

“அடச்சீ!” என்றாள் சுவேதா. “யார் கண்ணையும் ஒட்ட வாணாம். கண்ண மட்டும் நான் வரைஞ்சி குடுக்கறேன்.”

ஒரு முகமாவது அம்மாவுக்கு மிஞ்ச வேண்டும். காலை எடுத்துக்கொண்டாயிற்று, கண்ணையாவது ஒழுங்காகக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

மாடி அறைக்குப் போய்க் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வலது குதிகாலில் மூன்று பிளவு, நடுவிலுள்ளது நுனியில் இரண்டாகப் பிரியும். அது கண்ணை மூடினாலும் வரும். ஆனால் அம்மாவின் கண் பெரிசா, சின்னதா? இமை தடித்திருக்குமா? சிரித்தால் எந்தப் பக்கம் சுருங்கும்? அம்மா பேசும்போதெல்லாம் தான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்கத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கீழேயிருந்து, “அக்கா, ஆச்சா? பிரிண்டு போவணும்” என்று தம்பி கத்தினான்.

கை தானாக ஓடியது. பாதி தாழ்ந்த இமை, கீழ்நோக்கிய பார்வை, ஓரத்தில் மெல்லிய நிழல். பிரமாதமாக வந்தது. முடித்த பிறகுதான் தெரிந்தது, அது அந்த இத்தாலிக்காரரின் மாதாவுடைய கண். எட்டு மாசம் எதிரே மாட்டி வைத்திருந்த படம் ஆயிற்றே.

கிழித்துப் போட்டிருக்கலாம். அவள் போடவில்லை. தம்பி வந்து பார்த்துக் கண் கலங்கினான். “அப்டியே அம்மாக்கா.” அவனுக்கும் தெரியவில்லை. பெற்ற பிள்ளை இரண்டுக்கும் தெரியவில்லை. சுவேதா காகிதத்தை நீட்டினாள்.

இரண்டரை மணிக்கு ஃப்ளெக்ஸ் ஏறியது. கண்ணீர் அஞ்சலி என்று மேலே. அந்தக் கண்ணைப் பொருத்திய கதிர்வேல், தன் பங்குக்கு முகத்தின் நிறத்தையும் வெளுத்து, காதில் கம்மல் போட்டுவிட்டிருந்தார். “அய்யோ, நம்மளயே பாக்குறாளே!” என்று சொந்தக்காரி ஒருத்தி அதன் முன்னால் மாரில் அடித்துக்கொண்டு அழ, இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு ஃப்ளெக்ஸைக் கும்பிட்டார். சுவேதா தெருவோரக் கால்வாயில் காறித் துப்பினாள். நாக்கில் கசப்பு போகவில்லை.

அப்போதுதான் தெருமுனையிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அந்த வீச்சம் வந்தது. ஐஸ், குளோரின், இறால். வேலையிலிருந்து அப்படியே பஸ் ஏறியிருக்க வேண்டும். நாற்காலியில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். முன்னால் வந்தவள் கையில் பாலிதீன் பையில் ரோஜா மாலை இருந்தது. ஃப்ளெக்ஸுக்கு நேரே நின்று அண்ணாந்து, நிதானமாகப் பார்த்தாள். பிறகு சுவேதாவிடம் வந்தாள்.

“ஏங்கண்ணு, கடலூர்லேந்து வரோம். எறா ஷெட்டு. எங்ககூட வேல செஞ்ச இருசம்மா தவறிட்டா. பத்தொம்போது வருசம் அவளும் நானும் எதிரெதிர உக்காந்து எறா உரிச்சம். அவ புள்ள வூடு இந்தத் தெருவுலதான்னு சொன்னாங்க. எங்களுக்குப் படிக்கத் தெரியாது. இங்க வேற யாரோ எறந்துருக்காங்க போல. உனுக்குத் தெரியுமா, எந்த வூடுன்னு?”

சுவேதா திரும்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தாள்.

“அதுக்குத் தெரியல செல்லாயி, பெரிய எடத்து சாவு இது. வா, முன்னாடி போய்க் கேப்போம்,” என்றாள் பின்னால் நின்றவள்.

மூவரும் ஃப்ளெக்ஸைக் கடந்து போனார்கள். செல்லாயி நாலு வீடு தள்ளி ஒரு கேட்டைத் தட்டினாள்.