வயான் லானுஸ் குடித்த பிரேக் தீர்த்தம்

பங்லி மலைச்சரிவில் வசிக்கும் வயான் லானுஸ் பதினோரு ஆண்டுகளாக நிற்கவில்லை. சாப்பிடுவது, தூங்குவது, கோயிலில் கும்பிடுவது எல்லாம் நடந்தபடியேதான். தினமும் காலை ஏழேகாலுக்கு டிர்காவின் பட்டறையைக் கடந்து போகிறார். அவர் போன பிறகும் கருகிய பிரேக் கட்டையின் நாற்றம் கால் மணி நேரம் தெருவில் இருக்கும். மெக்கானிக் டிர்கா மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அதற்கு முன் லானுஸிடம் முப்பது வருடப் பழைய பச்சைக் கார் ஒன்று இருந்தது. ஊரின் ஏழு பெண்பிள்ளைகளை அதில் திணித்துக்கொண்டு பள்ளத்தாக்குப் பாதையில் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போவார். அவர்களில் ஒருத்தி டிர்காவின் மகள் சுக்மி. வேறு வண்டி கிடையாது. இருநூற்றுப் பத்து நாளுக்கு ஒருமுறை வரும் இரும்புச் சனிக்கிழமையில் ஊரே வண்டிகளைக் கழுவி, பூவும் சோறும் படைத்து, தீர்த்தம் தெளிக்கும். லானுஸுக்குத் தெளித்தால் போதாது. பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகி, பூவோடு சோற்றோடு உள்ளேயே ஊற்றிவிடுவார். முழுப் பன்றி சுட்டுப் படைக்க மனசு வரும், ஒரு ரப்பர் சீல் மாற்ற வராது. இப்படிப் பதினாறு சனிக்கிழமைகள் போயின.

ஒரு வெள்ளிக்கிழமை சுக்மி வெளிறிப்போய் வீட்டுக்கு வந்தாள். "அப்பா, இன்னிக்கு வண்டி நிக்கவே இல்லப்பா. பாறையில உரசித்தான் நிறுத்துனாரு." மறுநாள் காலையிலேயே டிர்கா அந்தக் காரைக் கட்டியிழுத்து வந்து முன்சக்கரங்களைக் கழற்றினார். சக்கரத்தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் பிஸ்டன் துருவில் இறுகிக் கிடந்தது. காற்றழுத்தம் கொடுத்ததும் அது பிதுங்கி வெளியே வந்தது. அதன் பின்னால் பழைய மீன்குழம்பு நிறத்தில் ஒரு கூழ், அழுகிய இதழ்கள், ஊதிப்போன சோற்றுப் பருக்கைகள், அவற்றின் மேல் நெளியும் வெள்ளைப் புழுக்கள். இருபது வருடம் கிரீஸில் கைவைத்த மனிதர், வாழைமரத்தடிக்கு ஓடி இரண்டு முறை வாந்தியெடுத்தார்.

லானுஸ் வந்து சேர்ந்தபோது பட்டறை வாசலில் பாதி ஊர் மூக்கைப் பிடித்து நின்றது.

"அண்ணே, இது பிரேக்கா, சாக்கடையா? ரெண்டு காலிப்பரையும் மாத்தணும். அதுவரைக்கும் வண்டி இங்கருந்து நகராது."

"சும்மா தேய்ச்சு மாட்டுடா. உள்ள இருக்கறது தீர்த்தம். தீர்த்தம் இருக்கற வண்டி எங்கடா கவிழும்? கீழ ஊத்திடாத, தோஷம்!"

"சரி, கீழ ஊத்தல." டிர்கா அந்தக் கூழை ஒரு சிரட்டையில் ஏந்தி நீட்டினார். "தீர்த்தம்னா மூணு மடக்கு குடிச்சு, மூணு தரம் மூஞ்சில தடவணும்ல? குடிங்க. இல்ல, சாக்கடைதான்னு ஒத்துக்கிட்டு காரை விட்டுட்டுப் போங்க."

லானுஸ் கூட்டத்தைப் பார்த்தார். மானம் போவதைவிடக் குடல் போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மூன்று மடக்கு குடித்தார். மூன்று முறை முகத்தில் தடவினார். மீசையில் ஒரு புழு ஒட்டியிருந்தது. "இனிக்குதுடா," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். வீட்டு வாசல் வந்தது, கால்கள் நிற்கவில்லை. வீம்பில் தாண்டிப் போகிறார் என்றுதான் ஊர் நினைத்தது. சாயங்காலம் நாலாவது சுற்றில் பட்டறையைக் கடந்தபோது, "டேய், நிக்க முடியலடா! காரை நீயே வச்சுத் தொலை!" என்று கத்திக்கொண்டே போனார்.

டிர்கா டென்பாசார் நகரத்துக் காயலான் கடையில் கிடந்த இரண்டு காலிப்பர்களைக் கொண்டுவந்து, பிஸ்டனை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, புது சீலும் புது ஆயிலும் போட்டு மாட்டினார். லானுஸைப் பார்க்க வந்த டாக்டர் கூடவே நடந்து நாடி பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். லானுஸின் மனைவி முச்சந்தியில் சோற்றுப் பொட்டலத்தை நீட்டுவாள், அவர் வாங்கிக்கொண்டே போவார். தூங்கும்போது ஓடைப் பக்கம் போய்விடாதபடி அண்டைவீட்டார் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார்கள். இரும்புச் சனிக்கிழமையில் வண்டிகளுக்குக் கட்டுவதுபோல அவர் கழுத்திலும் ஓலைத்தொங்கல் மாட்டித் தீர்த்தம் தெளிக்கிறார்கள், வெளியே மட்டும். டிர்காவுக்கு அவரைக் கண்டால் குமட்டும். சிரட்டையை நீட்டிய தன் கையைப் பார்த்தாலும் குமட்டும்.

இப்போது அந்தக் காரை சுக்மிதான் ஓட்டுகிறாள், பின்னால் ஏழு பிள்ளைகள். ஏழேகாலுக்கு முச்சந்தியில் பிரேக்கை மெதுவாக மிதிக்கிறாள். கார் நிற்கிறது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்.

"போங்க பெரியப்பா," என்கிறாள். அவர் போகிறார்.