சீமாட்டிக்குப் பேச்சு வேண்டும்

வாளி உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. முக்காலியோடு சரிந்த மகள் எழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். உதைத்த பசு சீமாட்டியோ ஒன்றுமே நடக்காததுபோல வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. யாரைத் தேடுகிறது என்று கேட்கவா வேண்டும்?

அம்மா மதியம் கண்ணை மூடிவிட்டாள். தண்ணீர் வாளியைத் தூக்கியவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான். இப்போது கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள். நகரத்திலிருந்து ஓடிவந்த மகள் அழுது முடிப்பதற்குள் மாடு கறக்கும் வேளை வந்துவிட்டது. மற்ற மாடுகள் எப்படியோ கொடுத்துவிட்டன. சீமாட்டி மட்டும் ஒரு சொட்டு விடவில்லை. மடி கல்லாக இறுகியிருந்தது. பால் தேங்கினால் மடிநோய் வரும். அம்மாவின் செல்ல மாடு, அம்மா போன கையோடு அதுவும் படுத்துவிடும்.

"விட்டுடும்மா, காலையில பாத்துக்கலாம்," என்றாள் சித்தி.

"காலையில மடி வீங்கிடும் சித்தி. நீங்க உள்ள போய் எல்லாரையும் கொஞ்சம் மெல்ல அழச் சொல்லுங்க. அந்தச் சத்தத்துக்கே இது மிரளுது."

சித்தி முறைத்துவிட்டுப் போனாள். அம்மா இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள். ஊரையே வாயால் வறுத்தெடுக்கிறவள், தொழுவத்துக்குள் நுழைந்தால் குரலைப் பஞ்சாக்கிக்கொள்வாள். பயந்த மாடு பாலை அடக்கிக்கொள்ளும், கடைசியில் வரும் கெட்டிப் பால் மடியிலேயே நின்றுவிடும், வாளியில் விழுவது வெறும் தண்ணீர்ப் பால்தான் என்பாள். அதனால் கறந்து முடிகிறவரை நிறுத்தாமல் பேசுவாள். யார் வீட்டில் சண்டை, எந்தக் கடையில் ஏமாற்று, எல்லாம் சீமாட்டிக்குத் தெரியும். அவள் வீட்டுப் பாலில் கட்டும் ஏட்டைப் பார்த்து, தீவனத்தில் என்ன கலக்கிறாய் என்று துருவியவர்கள் உண்டு. பேச்சைத்தான் கலக்கிறேன் என்பாள்.

மகளும் பேசிப் பார்த்தாள். அழுது கட்டிய தொண்டையிலிருந்து கரகரப்புதான் வந்தது. சீமாட்டி மறுபடி காலைத் தூக்கியது.

"அப்பா, நீங்க வந்து அது முகத்துக்கிட்ட நின்னு பேசுங்க. உங்கள அதுக்குப் பழக்கம்."

அப்பா தீவனம் போடுவார், சாணி அள்ளுவார், பேச மாட்டார். வீட்டுக்கே சேர்த்து அம்மா பேசிவிடுவதால் அவருக்கு அந்த வேலை இருந்ததில்லை. தயங்கித் தயங்கி வந்து மாட்டின் கழுத்தில் கை வைத்தார்.

"மழை வரும்போல இருக்கு," என்றார். "வராமலும் போகலாம்."

சரக்கு தீர்ந்துவிட்டது. அந்தத் துக்கத்திலும் மகளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

"அம்மாவப் பத்திச் சொல்லுங்கப்பா."

மாட்டின் வயிற்றில் நெற்றியை வைத்திருந்தவளுக்கு அவர் முகம் தெரியவில்லை.

"உன்னை அடிச்சு அடிச்சுக் கெடுத்து வெச்சிருந்தான் ஒருத்தன்," என்றார் அப்பா, மாட்டிடம். "கிட்ட வந்தாலே உதைப்ப. வித்துடலாம்னு நான்தான் சொன்னேன். அவ கேக்கல. மடியில கையே வெக்காம, தினமும் உன் பக்கத்துல உக்காந்து காய் நறுக்கினா, துணி தெச்சா. பைத்தியமான்னு நெனச்சேன். ஒரு நாள் நீயா கழுத்த நீட்டி அவ தோள்ல மூக்க வெச்சியே, ஞாபகம் இருக்கா? நான் அந்தத் தூணுக்குப் பின்னாடிதான் நின்னேன். அடேயப்பா, என்ன பொறுமை! இப்படி ஒருத்தி எனக்கு வாய்ச்சிருக்காளேன்னு... அவகிட்ட சொல்லல. சொல்லிட்டா அப்புறம் அவளப் பிடிக்க முடியாது."

காம்பு இளகியது. பால் சர் சர்ரென்று வாளியில் இறங்கியது. மகள் மூச்சைக்கூட மெல்ல விட்டாள்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ, உன்கிட்ட பேசுற குரல்ல என்கிட்டயும் பேசினா. அதுக்காகவே காய்ச்சல் விட்டும் ரெண்டு நாள் படுத்தே கிடந்தேன்."

நுரை கெட்டியானது. கடைசிப் பாலும் வந்து நின்றது. மடி துவண்டு காலியாகிவிட்டது. இனி வாளியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம்.

"இன்னொண்ணு கேளு..." என்று அப்பா அடுத்ததைத் தொடங்கினார்.

மகள் வாளியை ஓசைப்படாமல் நகர்த்தி வைத்துவிட்டு, காலி மடியில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.