மூழ்கிய வருஷத்துக் கணக்கு

“ஒரு மா நிலத்துக்கு மூணு மூட்டை நெல்லு குத்தகை இனிமே கட்டுப்படியாகாது தம்பி. நாலா அளந்துடுங்க,” என்றார் பஞ்சநதம்.

திருக்காட்டுப்பள்ளி வாய்க்காலை ஒட்டிய அந்த நிலத்தைப் போன கோடையில்தான் செந்தில்குமார் அவருக்கு விற்றிருந்தான். இப்போது அதையே குத்தகைக்குப் பயிர் செய்கிறான்.

“என்னண்ணே திடீர்னு?”

“போன வருஷம் மாவுக்கு ஆறு மூட்டை கண்டுச்சு. இந்த வருஷம் பன்னெண்டு. ரெண்டு மடங்கு! நிலம் வளருது, குத்தகை வளர வேணாமா?”

செந்தில்குமார் சிரித்துவிட்டான். “நல்லா இருக்கே நியாயம்! போன வருஷச் சம்பா மழையில மூழ்கிடுச்சு. மூழ்குன வருஷத்தை அடியில வச்சு அளந்தா எதுவும் ரெட்டிப்பாத்தான் தெரியும். அதுக்கு முந்தியும் பன்னெண்டுதானே? எங்கண்ணே வளந்துச்சு?”

மோர் கொண்டுவந்த அவன் மனைவி கவிப்ரியா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

“ஏங்க, அந்த மோட்டார் கம்பெனி லாபமும் இப்படித்தான் வளந்துச்சா?”

சிரிப்பு அடங்கியது.

நிலம் விற்ற பணம் முழுவதையும் அந்தக் கம்பெனியின் பங்கில் போட்ட அன்று அவன் அவளுக்கு விளக்கியிருந்தான்: “விலை, ஒரு பங்குக்கு வர்ற லாபத்தைப் போல அம்பது மடங்கு. அதிகம்தான். ஆனா லாபம் ஒரே வருஷத்துல நூறு சதவீதம் வளந்திருக்கு. அம்பதை நூறால வகு, அரை. ஒண்ணுக்குக் கீழ இருந்தாலே மலிவு. ஏறுனதும் வித்து இதைவிட நல்ல நிலமா வாங்கிடலாம்.”

இந்த ஆண்டு அந்த லாபம் அசையவே இல்லை. பங்கு விலை ஐந்தில் ஒன்றாகிவிட்டது.

“லாபம் ரெட்டிப்பாச்சுன்னு சொன்ன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவங்க ஃபேக்டரி எரிஞ்சு பாதி வருஷம் மூடிக் கிடந்துச்சுன்னீங்களே?”

“ஆமா.”

“அது அவங்களுக்கு மூழ்குன வருஷம் இல்லியா?”



“உங்க வீட்டுக் கணக்கு எனக்கெதுக்கு?” என்றார் பஞ்சநதம். “முடியாதுன்னா சொல்லுங்க. பூதலூர்க்காரர் ஒருத்தர் நாலரை மூட்டைக்கே தயாரா நிக்கிறார்.”

“அளக்குறேண்ணே. நாலே அளக்குறேன்.”

அவர் மோரைக் குடித்து, “உப்பு தூக்கல்மா,” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மோர்த் தம்ளரை எடுத்தபடி கவிப்ரியா கேட்டாள். “பங்கு பழையபடி ஏறுனா நம்ம நிலத்தையே திருப்பிடலாமா?”

“எப்படித் திருப்புறது? நான் வித்தது ஆறு மூட்டை விலைக்கு. அவர் இனிமே பன்னெண்டு மூட்டை விலைதான் சொல்லுவார்.”