கையால் எழுப்பியது

தடுப்பூசி வைத்திருந்த ஃப்ரிட்ஜ் சத்தம் போடாமல் பழுதாகி, இரண்டு நாள் வெறும் அலமாரியாக நின்றிருக்கிறது. உள்ளே சூடு ஏறினால் வார்டு போனில் மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. மணி அடிக்காவிட்டால் எல்லாம் சரி என்று நர்ஸுகளும் பழகிவிட்டார்கள். அதற்குள் இருபத்தாறு குழந்தைகளுக்கு அந்த மருந்து போயாயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஊசி பலிக்காது, எல்லோரையும் கூப்பிட்டு மறுபடி குத்த வேண்டும் என்றார் டாக்டர். காலையிலிருந்து தாழ்வாரம் முழுக்கக் குழந்தைகளின் அழுகை. பெற்றவர்கள் விட்ட சாபத்துக்குக் கணக்கில்லை.

அந்த மணியை அடிக்கவைப்பது சர்வருக்குள் யார் கண்ணிலும் படாமல் ஓடும் ஒரு மென்பொருள் சேவை. அது ஒன்பது நாளாக நின்றுகிடந்தது. ஒன்பது நாளைக்கு முன்னால் சர்வரை ரீஸ்டார்ட் செய்தவன் மச்சான்.

மச்சான் என்றால், ஆஸ்பத்திரியின் சர்வர்களைக் கட்டி மேய்க்கும் அட்மினுக்கு, மனைவியின் உடன்பிறந்த தம்பி. வீட்டில் "மாமா", ஆபீஸில் "சார்" என்று அழைப்பதில் ஒரு நாளும் தடுமாறியதில்லை. எதைச் செய்தாலும் நோட்டில் எழுதி, முடித்ததும் டிக் போடுவான். நர்ஸுகள் அவனுக்கு 'நோட்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "குளிச்சதுக்கும் டிக் போடுவியாடா?" என்று அட்மினே கிண்டல் செய்வார். அவர் சிபாரிசில் வந்த வேலை. தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

பத்து மணிக் கூட்டத்தில் மேலாளர் சுற்றிவளைக்கவில்லை.

"ரீஸ்டார்ட் பண்ணது யாரு?"

"நான்தான் சார்," என்றான் மச்சான்.

"பண்ணினப்புறம் எல்லாம் ஓடுதான்னு பார்க்கத் தெரியாதா?"

"பட்டியல்ல இருந்ததெல்லாம் பார்த்தேன் சார். இதைப் பார்க்கலை. தப்புதான்."

அந்தப் பட்டியலைச் சொல்லி எழுதவைத்தவர் அட்மின். அவர் வாயைத் திறந்திருக்கலாம். மேஜையிலிருந்த பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இவனை இனிமே வெச்சுக்க முடியாது," என்று மேலாளர் அவர் பக்கம் திரும்பினார். "நடந்ததை எழுதி நீங்க சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுங்க. உங்க சொந்தக்காரன்னு பார்க்காதீங்க."

நடந்தது என்னவென்று அவருக்கு அந்த நாற்காலியிலேயே ஞாபகம் வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தச் சேவையைப் புதிதாக நிறுவியவர் அவர். ஒரு சேவையைக் கையால் எழுப்பிவிடுவது ஒன்று. சர்வர் எப்போது அணைந்து எழுந்தாலும் நீயும் கூடவே எழுந்திரு என்று அதற்குச் சொல்லிவைப்பது வேறொன்று. இரண்டும் தனித்தனிக் கட்டளை. அவர் எழுப்பிவிட்டார், வார்டு போன் கிணுகிணுத்தது, நர்ஸ் கைதட்டினாள். அதே நேரம் பிரிண்டர் மக்கர் என்று யாரோ கூப்பிட்டார்கள். மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போனவர்தான். இரண்டாவது கட்டளையும் போடவில்லை, மச்சானின் பட்டியலில் சேர்க்கவும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் ஒழுங்கு சொல்லிக்கொடுக்கிற மனுஷர்!

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அது தெரிந்தும் அவர் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, ரீஸ்டார்ட் செய்தவரின் கவனக்குறைவு என்று எழுதினார். கை கூசியது. கூசினாலும் எழுதி, அனுப்பியும் விட்டார். இருபது வருஷ நல்ல பெயர் அவரைப் பிடித்து ஆட்டியது.

இன்னும் ஒன்று மிச்சம். சர்வர் தனக்கு இடப்பட்ட கட்டளைகளையெல்லாம் தேதி நேரத்தோடு பதிந்துவைக்கும். அவர் எழுப்பிவிட்டு அம்போ என்று விட்டது அதில் அப்படியே இருக்கும். அந்த வரியை அழித்துவிட்டால் கேட்பாரில்லை. சர்வருக்குள் நுழையும் சாவி அவரிடமும் மச்சானிடமும் மட்டும்தான்.

பதிவைத் திறந்தார். மூன்று வாரத்துக்கு முந்தைய அவருடைய வரி இருந்தது. மச்சானின் ரீஸ்டார்ட்டும் இருந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் இன்று காலை எட்டு நாற்பதுக்கு, அவர் ஆபீஸுக்கு வருமுன்பே, மூன்று வரிகள். யாரோ இதே பதிவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். பிறகு அந்தச் சேவையை எழுப்பியிருக்கிறார்கள். கடைசியாக, அவர் போட மறந்த அந்த இரண்டாவது கட்டளை.

மச்சானுக்குத் தெரியும். கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே தெரியும். எல்லாம் தெரிந்துதான் "தப்புதான்" என்று தலைகுனிந்து நின்றிருக்கிறான். அழிக்க வந்த விரல் அப்படியே நின்றது.

போன் அடித்தது. மனைவி.

"தம்பி பையைத் தூக்கிட்டு நேரா இங்க வந்துட்டான். சாப்பிடக் கூப்பிட்டாலும் எந்திரிக்கல. கேட்டா, என் மேலதான் தப்பு, மாமாவை ஒண்ணும் கேட்காதேக்கான்னு சொல்றான். என்னங்க நடந்துச்சு?"

"அவன் மேல தப்பில்ல. நான்தான் பாதியில விட்டேன்."



"அது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ இதை எதுக்கு என்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அவர் அந்தப் பதிவை, ஒரு வரி குறையாமல், பிரிண்ட் எடுத்தார். மேலாளர் அறைக்குப் போகும் தாழ்வாரத்தில் இன்னும் நான்கைந்து குழந்தைகள் மறு ஊசிக்காகக் காத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.