பிரேக் அடுத்த ஷெட்டு வேலை

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நைட் ஷிப்டை விட்டு வந்ததற்கு மரிய அந்தோணி யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. வருஷக்கணக்காகப் பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தவன், ஒரு நாள் கேட்டுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினான். உள்ளே போகப் பிடிக்கவில்லை. போகவில்லை.

நயா பைசா வந்த வருஷம் அது. இலுப்பூரில் விராலிமலை ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தான். யுத்தத்தில் ஓடிக் கழிந்த மிலிட்டரி லாரிகளின் அச்சும் சக்கரமும் திருச்சியில் பழைய இரும்பாகக் குவிந்து கிடந்தன. அவற்றை வாங்கி, மேலே பலகை அடித்து, டயர் வைத்த மாட்டு வண்டியாகச் செய்து கொடுக்கலாம் என்பது யோசனை. அந்தப் பக்கத்தில் அப்போது யாரும் அதைச் செய்யவில்லை. கொட்டகை வாசலில் போர்டு வைத்தான்: ‘சகலவித வண்டிகளும் புதிதாகச் செய்து தரப்படும்.’

அவன் மனைவி வியாகுலமேரி ஆவூர்க்காரி. இலுப்பூர் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. போர்டைப் படித்துவிட்டு, “சகலவிதமும்னா ஏரோப்ளேனுமா?” என்று கேட்டாள்.

“கேட்டா செய்வேன்.”

“மொதல்ல மாட்டு வண்டி கேக்க ஆளு வரட்டும்.”

ஆள் வராததால் அவனே சந்தைக்குப் போனான். முதல் வண்டியில் கருங்கல் ஏற்றி, சந்தைத் திடலில் நிறுத்தி, ஒற்றைக் கையால் தள்ளிக் காட்டினான். வண்டி சத்தமே இல்லாமல் உருண்டது. கூட்டம் கூடிவிட்டது.

“மாடே வேணாம் போலருக்கேய்யா.”

“ஒன் மச்சினனப் பூட்டு, போதும்.”

குடுமியான்மலைப் பக்கத்துக் குவாரியிலிருந்து கல் வண்டி ஓட்டும் குழந்தைசாமி சிரிக்கவில்லை. குனிந்து அச்சைப் பார்த்தார். தானும் ஒரு முறை தள்ளிப் பார்த்தார். “இதுல எம் பழைய வண்டியப்போல ரெண்டு பங்கு ஏத்தலாம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தன் பழைய மரச்சக்கரங்களையும் முன்பணத்தையும் கொட்டகையில் கொடுத்துவிட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார். மற்ற வண்டிக்காரர்கள் அவருக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார்கள்.

என்ன ஆனது என்பது அந்த வாரமே தெரிந்துவிட்டது.

குழந்தைசாமி கொட்டகைக்கு வண்டியில் வரவில்லை. ஒரு மாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அதன் முன்னங்கால் முட்டி இரண்டும் உரிந்து, மேலே மஞ்சள் பூசியிருந்தது. ரோட்டில் வந்தவர்கள் எல்லாரும் அந்த மாட்டைப் பார்த்திருப்பார்கள். அதற்காகத்தான் நடத்தி வந்திருந்தார்.

“அந்தோணி, வெளிய வாய்யா.”

“என்னண்ணே ஆச்சு?”

“மாடு வண்டிய இழுக்கும்னு நெனச்சு வாங்குனேன். ஒன் வண்டி மாட்டத் தொரத்துது.”

டீக்கடையில் நின்ற இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

“ஓடை எறக்கத்துல பாரத்தோட எறங்குறேன். பழைய வண்டின்னா மொனகிக்கிட்டே பிடிச்சுப் பிடிச்சு எறங்கும். இது எண்ணெயில விட்ட மாதிரி வருது. மாடு ஓடுது. நான் மூக்கணாங்கயித்தப் பிடிச்சுக்கிட்டு ஓடுறேன். பின்னால வண்டி எங்க மூணு பேத்தையும் வெரட்டிக்கிட்டு வருது.”

டீக்கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

“சிரிக்காதீங்கய்யா. நொகத்தடி ஒடஞ்சு, இவன் முட்டி போட்டு விழுந்தான். கரையில இடிச்சதால வண்டி நின்னுச்சு. இல்லேன்னா இன்னிக்கு எனக்குக் கருமாதிப் பேச்சு.” அந்தோணி பக்கம் திரும்பினார். “எம் பழைய சக்கரத்த மாட்டிக் குடு. மாட்டலேன்னா சந்தையில மாட்டோட நின்னு சொல்லுவேன்.”

அவர் சொன்னால் கொட்டகையை மூட வேண்டியதுதான். அது அந்தோணிக்குத் தெரியும். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னான். அவர் மாட்டைத் திருப்பிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் வியாகுலமேரியின் அண்ணன் சந்தனராஜ் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான். அவனும் பொன்மலையில்தான் வேலை. ஊருக்குள் நடந்து வருவதற்குள் மாட்டு விஷயம் அவன் காதுக்கு வந்துவிட்டது.

“மாப்ளே, போர்மேன்கிட்டப் பேசிட்டேன். திங்கக்கெழம வந்து நின்னு ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டா எடுத்துக்குவாரு. அதே நைட் ஷிப்டுதான். அதுக்கு மேல என்னால கேக்க முடியாது.”

“பாக்குறேன் மச்சான்.”

“என்னத்தப் பாக்குறது? அங்கிட்டு மாசம் பொறந்தா சம்பளம். இங்கிட்டு மாடு விழுகுது.”

அந்தோணி கொட்டகைக்குள் போனான். குழந்தைசாமியின் ஆட்கள் இழுத்து வந்து போட்டிருந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அச்சு வளையவில்லை. பேரிங் பழுதில்லை. சக்கரம் ஒரு விரலுக்குச் சுற்றியது. அவன் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

வியாகுலமேரி அச்சுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “ஏங்க, இத எதப் பிடிச்சு நிப்பாட்டுறது?”

“எத?”

“வண்டியத்தான்.”

“அது பிரேக். அது அடுத்த ஷெட்டு…” என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான்.

பொன்மலையில் அவன் இருந்தது சக்கர ஷெட்டில். சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். போர்மேன் ஒரு விரலால் தள்ளிப் பார்ப்பார். சுற்றினால் வேலை முடிந்தது. தண்டவாளத்தில் உருட்டி அடுத்த ஷெட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிரேக் அங்கே மாட்டுவார்கள். அத்தனை வருஷத்தில் அந்த ஷெட்டுக்குள் அவன் ஒரு தடவைகூடப் போனதில்லை. லாரி அச்சோடு வந்த பிரேக் ஷூக்களையும் அவன்தான் கழற்றி எறிந்திருந்தான். சக்கரத்தோடு சுற்றும் இரும்பு டிரம்முக்குள் விரிந்து, அதைப் பிடித்து நிறுத்துகிற பிறை வடிவத் துண்டுகள் அவை. வீண் கனம் என்று நினைத்தான்.

வியாகுலமேரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அந்த அடுத்த ஷெட்டு இப்ப எங்கங்க இருக்கு?”

“முருங்க மரத்தடியில கெடக்கு” என்றான். அவனுக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மறுநாள் இருவரும் மரத்தடியிலிருந்து ஷூக்களைப் பொறுக்கி எடுத்தார்கள். அவள் மண்ணெண்ணெயில் துரு தேய்த்தாள். அவன் உலை மூட்டினான். லாரியில் எண்ணெய்க் குழாய் செய்த வேலையை இங்கே ஒரு பட்டை இரும்பு செய்ய வேண்டும். அதைத் திருப்பினால் ஷூக்கள் விரிய வேண்டும். இரண்டு முறை அடித்தது சரியாக வரவில்லை. மூன்றாவதாக அடித்தது பிடித்தது. அதிலிருந்து ஒரு கம்பியை முன்னால் இழுத்து, வண்டிக்காரன் உட்காரும் இடத்தில் காலால் மிதிக்கிற மாதிரி ஒரு மிதி வைத்தான். சொன்னபடி வந்து நின்ற குழந்தைசாமியிடம் அதைக் காட்டினான்.

அவர் மிதியைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். “எந்தக் கல் வண்டிக்காரன்யா எறக்கத்துல குந்திக்கிட்டு வருவான்? ரயிலா ஓட்டுறேன்?”

“வேற எப்படிண்ணே வருவீங்க?”

“மாட்டுக்குப் பக்கத்துல நடந்து வருவேன்.”

“நடந்து காட்டுங்க.”

அவர் மாடு இல்லாத வண்டிக்குப் பக்கத்தில் நடந்து காட்டினார். வலது கை மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்த மாதிரி முன்னால் நின்றது. இடது கை சும்மா இருந்தது. அந்தோணி மிதியைக் கழற்றி எறிந்தான். நீளமாக ஒரு கைப்பிடி அடித்து, அதிலிருந்து ஒரு கயிற்றை அந்தச் சும்மா இருந்த கைக்குக் கொண்டுவந்தான்.

குழந்தைசாமி இழுத்துப் பார்த்தார். “போட்டுட்ட, சரி. ஓடையில எறக்கிப் பாப்போம். ஆனா ஒண்ணு. மாட்டுக்கு முன்னால நீ நடக்கணும். திரும்பிப் பாக்கக் கூடாது.”

“நடக்குறேன்.”

வியாகுலமேரி பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி அனுப்பினாள்.

முட்டி உரிந்த மாட்டுக்குப் பதிலாகத் தம்பி வீட்டு மாட்டைப் பூட்டியிருந்தார் குழந்தைசாமி. முன்பு விழுந்த அன்றைக்கு ஏற்றிய அதே அளவு கல்லை ஏற்றினார். ஓடைக் கரையில் வண்டிக்காரர்கள் நின்றார்கள். சந்தனராஜும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். வண்டி இறங்கியதும் மாப்பிள்ளையோடு பஸ் ஏறலாம் என்று அவன் கணக்கு.

அந்தோணி முன்னால் நடந்தான். கட்டை வண்டியாக இருந்தால் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். டயர் வண்டிக்குச் சத்தமில்லை. சரளைக்கல் நசுங்குவது மட்டும் கேட்டது. மாட்டின் மூச்சு பிடரியில் சுட்டது. அவன் கால் தானாக வேகம் எடுக்கப் பார்த்தது. அடக்கிக்கொண்டான்.

“மாப்ளே, ஓரமா நடங்க!” என்று கத்தினான் சந்தனராஜ்.

ஓரத்துக்குப் போகவில்லை. பாதி இறக்கத்தில் சரளைச் சத்தம் நின்றது. மூச்சும் பின்னால் தங்கிவிட்டது. அந்தோணியும் நின்றான். திரும்பக் கூடாது என்பதால் எதிர்க் கரையில் இருந்த கருவேல மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நுகத்தடி திரும்பவும் போய்விட்டது என்று நினைத்தான்.

“என்னய்யா நின்னுட்ட?” என்றது குழந்தைசாமியின் குரல்.

“சத்தம் நின்னுச்சு.”

“நாந்தான் நிப்பாட்டுனேன். பீடி பத்த வைக்கணும். திரும்பிக்க.”

திரும்பினான். கல் பாரத்தோடு வண்டி சரிவின் நடுவில் நின்றது. மாடுகள் எதையும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை. கழுத்தில் நுகம் தளர்வாகக் கிடந்தது. ஒன்று வாலை வீசி ஈ விரட்டியது. ஷூ தேய்ந்த கருகல் வாடை அடித்தது. குழந்தைசாமி கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டு பீடியை இரண்டு இழுப்பு இழுத்தார். பிறகு கயிற்றைத் தளர்த்தினார். வண்டி மெல்ல உருண்டு ஓடையில் இறங்கி நின்றது.

“எடது பக்கம் இழுக்குது” என்றார்.

“எடது ஷூ கூடுதலாப் பிடிக்குதுண்ணே. சரி பண்ணித் தாரேன்.”

“நாளைக்குள்ள பண்ணு. லோடு கெடக்குது.”

பழைய சக்கரத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

சந்தனராஜ் சரிவில் இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். பொன்மலைக்காரன் என்பதால் குனிந்து அடியிலும் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். அவள் கரையில் அமைதியாக உட்கார்ந்து செருப்புக்குள் போன கல்லை உதறிக்கொண்டிருந்தாள்.

“போர்மேன்கிட்ட என்ன சொல்லட்டும், மாப்ளே?”

“வேற ஆளப் போட்டுக்கச் சொல்லுங்க, மச்சான்.”

“பட்டினி கெடப்பீங்க.”

“கெடந்தா நீங்க அரிசி கொண்டாங்க.”

சந்தனராஜ் திட்டிக்கொண்டே ரோட்டுப் பக்கம் நடந்தான்.

கரையிலிருந்து கண்ணுசாமி என்ற வண்டிக்காரர் இறங்கி வந்தார். குவாரியில் கல் விழுந்து அவருடைய இடது கை விரல்கள் நசுங்கிப் போயிருந்தன. அந்தக் கையை மேல்துண்டுக்குள் மறைத்து வைத்திருப்பது அவர் வழக்கம்.

“மேஸ்திரி, கயிறு இங்கிட்டு இருந்தா எனக்கு ஆகாது. இந்தக் கையில பிடி கெடையாது. வேற மாதிரி செய்ய முடியுமா?”

அந்தோணி தோளால் அழுத்தலாமா, இடுப்பில் கட்டலாமா என்று அவர் நிற்பதை மேலும் கீழும் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து மடக்கு அடிக்கோலை எடுத்து விரித்தான்.

“கைய நீட்டுங்க.”

“எந்தக் கைய?”

“ரெண்டையும்.”