கண்டக்டர் விட்டுக்கொடுத்த இடம்

பஸ்ஸை விட்டு இறங்கி எத்தனையோ காலம் ஆகியும் ஊர் அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மனுஷன் நேரே கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போவார். மனைவியின் கல்லறையைத் துடைத்துவிட்டு, அதை ஒட்டியிருந்த வெற்றிடத்தில் துண்டை விரித்து உட்கார்ந்துகொள்வார். அந்தச் சபையில் அப்படி ஒரு வழக்கம். புருஷன் பெண்டாட்டியில் ஒருவர் முந்திக்கொண்டால், பக்கத்து இடத்தை மற்றவருக்கு விட்டுவைப்பார்கள். வீட்டை மகள் பேருக்கு எழுதிவிட்ட கண்டக்டருக்கு, சொந்தம் என்று மிச்சம் இருந்தது அந்த ஆறடிதான்.

அவர் மனைவிக்கு என்ன வாய் என்கிறீர்கள்! அவள் குரல் கேட்டால் தெருநாய்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு ஓரமாகப் போகும்.

"இருந்த வரைக்கும் அம்மா உங்களை ஒரு நாளாவது திட்டாம விட்டிருக்காங்களா? இன்னும் போய்ப் பக்கத்துல உட்கார்றீங்களேப்பா!" என்று மகள் கேலி செய்வாள்.

"திட்டு வாங்காம தூக்கம் வரமாட்டேங்குதும்மா" என்பார். அது நிஜம். அவள் போனதிலிருந்து வீட்டுக்குள் அப்படி ஒரு அமைதி. அது அவரை அரித்துத் தின்றது.

அவளுடைய விசேஷ அர்ச்சனை எல்லாம் தெருக்கோடி சாராயக்காரிக்குத்தான். எங்கிருந்தோ தனியாக வந்து, வீட்டிலேயே சாராயம் விற்றுப் பிழைத்தவள். சபை ஆண்களில் பாதிப்பேர் அங்கே போய் வந்தவர்கள்தான். கண்டக்டரும் போனார், அதில் ஒளிவுமறைவு இல்லை. பின்னாளில் அவள் தொழிலை விட்டுவிட்டு ஆராதனைக்கு வர ஆரம்பித்தாள். அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த பெஞ்சே காலியாகிவிடும். அவளிடம் குடித்தவர்கள்தான் முதலில் எழுந்து போனார்கள், வெட்கங்கெட்டவர்கள்!

அவள் செத்துப்போனாள். தூக்குவதற்கு ஆள் இல்லையே என்று கண்டக்டர் போய் நின்றார்.

"தோட்டத்துல இடமில்லை" என்று கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே மறித்தார் சபைச் செயலாளர். அவருக்குப் பின்னால் பாதித் தோட்டம் காலியாகப் புல் முளைத்துக் கிடந்தது. பாதிரியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். செயலாளர் என்றால் அவருக்குக் கொஞ்சம் நடுக்கம்தான்.

"என் இடத்துல வைங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று கண்டக்டருக்கே உறைத்தது. போயும் போயும் மனைவிக்குப் பக்கத்தில், இவளையா!

"சொந்தக்காரங்களுக்குத்தான் விட்டுக்கொடுக்கலாம். அவ உங்களுக்கு என்ன வேணும்?" செயலாளர் கேட்ட கேள்வியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தங்கச்சி."

"அது எப்போலேருந்து?"

கண்டக்டருக்குச் சுர்ரென்று ஏறியது. "வாராவாரம் 'அன்பான சகோதர சகோதரிகளே'ன்னு அறிவிப்பு வாசிக்கிறது நீதானேய்யா? கடைசி பெஞ்சையும் சேர்த்துத்தானே சொன்னே? இல்லை, அவளை மட்டும் கழிச்சுட்டுச் சொன்னியா? சொல்லு, எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்!"

பாதிரியாருக்கு அப்போதுதான் குரல் வந்தது. "குழி வெட்டச் சொல்லுங்க" என்றார்.

மகள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அப்பா, அப்போ நீங்க?"

"மதில் ஓரமா எங்கேயாவது போட்டுட்டுப் போம்மா. எனக்கென்ன!" என்று கெத்தாகத்தான் சொன்னார். ஆனால் முதல் மண் விழுந்த சத்தம் கேட்டதும், நிறுத்துங்கடா, அது என் இடம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

எல்லாரும் கலைந்து போனார்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில் இப்போது ஈர மண் குவிந்து கிடந்தது. கண்டக்டர் சுற்றி வந்து மனைவியின் கால்மாட்டில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதார். அழுது ஓய்ந்த பிறகு மெல்லச் சொன்னார்.

"கோவமா இருப்பே, தெரியும். திட்டு, நல்லா திட்டு. ஆனா ஒண்ணு. அவ வீட்டுல குடிச்சிட்டு நான் வந்து நின்னப்போ, என்னைக்காவது கதவைத் திறக்காம இருந்தியா? திட்டிக்கிட்டே திறந்தே, சோறும் போட்டே. குடிச்சவனை உள்ளே விட்டே. ஊத்திக் கொடுத்தவளையும் உள்ளே விட்டுடும்மா."