பிரிஜெட்பூர் வரைபடம்

பவுலினுக்கு வந்த காக்கி உறைக்குள் இரண்டே வரிதான் இருந்தது. சீமைக்கு அவள் அனுப்பிய பதிவுத் தபால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது; வியாழன் பன்னிரண்டு மணிக்குத் தணிக்கை ஆபீசில் ஆஜராக வேண்டும்.

1940 ஆகஸ்ட். சண்டை தொடங்கியதிலிருந்து வெளிநாட்டுத் தபாலைப் பிரித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள் என்பது பெங்களூர் கன்டோன்மெண்டில் எல்லாருக்கும் தெரியும்.

"என்னடி எழுதித் தொலைச்ச?" என்றாள் அம்மா பிரிஜெட்.

"பாடம்தாம்மா."

"பாடத்துக்கா சர்க்கார் கூப்பிடுது? பக்கத்து வீட்டு அல்போன்சா மகளும்தான் டைப்ரைட்டிங் படிச்சா. அவள யார் கூப்பிட்டா?"

பவுலின் சர்ச் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை. பகலில் வேலை பார்ப்பவளை எந்தக் காலேஜிலும் சேர்க்கவில்லை. அதனால் இங்கிலாந்தில் ஒரு தபால் கல்லூரி மூலம் இண்டர்மீடியட் படித்தாள். பாடம் கப்பலில் வரும், விடை கப்பலில் போகும், சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவார்கள். பரீட்சைக்கான விண்ணப்பம் டிசம்பர் முடிவதற்குள் அங்கே சேர வேண்டும். பரீட்சைக்குப் பதிந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் வேலை நிற்கும்; இல்லாவிட்டால் ஏப்ரலில் அது இண்டர் பாஸ் செய்த வேறொருத்திக்கு. கப்பல்களோ சண்டையால் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. அந்த விண்ணப்பத்தைத்தான் பூகோள விடைகளோடு ஒரே உறையில் வைத்திருந்தாள்.

தணிக்கை ஆபீசில் ஸ்ரீகண்டன் என்ற அதிகாரி அவள் வரைந்த படத்தை மேஜைமேல் விரித்தார்.

"அல்சூர் ஏரி, ரயில் பாதை, சிப்பாய் பாரக்ஸ். பரேட் மைதானத்திலேருந்து பாரக்ஸுக்கு எத்தனை தப்படின்னுகூட போட்டிருக்கேளே. யார் எண்ணினா?"

"நான்தான் சார். ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு."

"எதுக்கு?"

"அளவு தப்பினா மார்க் போயிடும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பவுலின் கேள்வித்தாளை நீட்டினாள். 'உமக்குப் பழக்கமான ஓர் ஊரின் படம் வரைக.'

"படம் போகாது. மத்ததெல்லாம் போகலாம்."

"ஒரு விடை குறைஞ்சாலும் விண்ணப்பத்த மேல அனுப்ப மாட்டாங்க சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணிக்குத் தபால் பையைக் கட்டிடுவா. அடுத்த கப்பல் எப்போன்னு எனக்கே சொல்றதில்லை." வெள்ளைத் தாள் ஒன்றைத் தள்ளினார். "நிஜ ஊர் வேண்டாம்."

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நிஜ ஊர்தான். பென்சில் இரண்டு முறை ஒடிந்தது. பெங்களூரில் இல்லாத கடலை முதலில் வரைந்தாள். பிறகு மலை, ஆறு, சந்தை. பெயர் வேண்டுமே என்று 'பிரிஜெட்பூர்' என்று எழுதினாள். பன்னிரண்டே முக்கால் ஆகியிருந்தது.

"இது எங்கே இருக்கு?"

"எங்கயும் இல்ல சார்."

"நிச்சயமா?"

அவர் அலமாரியிலிருந்து பெரிய அட்லாஸை எடுத்து, பின்பக்கப் பெயர்ப் பட்டியலில் விரலை ஓட்டினார். மெதுவாக, ஒவ்வொரு பெயராக. வெளியே யாரோ பையை இழுக்கும் சத்தம் கேட்டது. பவுலின் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"இல்லை," என்று அட்லாஸை மூடினார். முத்திரை விழுந்தது.

அதன்பிறகு அவள் தினமும் பேப்பர் பார்த்தாள். கப்பல்கள் மூழ்கிய செய்தி வந்தது. தபால் எந்தக் கப்பலில் போனது என்று யாரும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் போனது, ஜனவரி போனது. பரீட்சைக்குப் பதிவாகிவிட்டதா என்று பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை இரண்டு முறை கேட்டுவிட்டார்.

மார்ச் முதல் வாரம் தபால்காரர் கனத்த உறை ஒன்றைத் தந்தார். பூகோள விடைத்தாள். படத்தின் குறுக்கே சிவப்பு மை: 'பிரிஜெட்பூரில் ஆறு எப்படி மலைமேல் ஏறுகிறது? 20க்கு 6.'

"என் பேர்ல ஊரு வச்சு ஆறு மார்க்கா?" என்றாள் பிரிஜெட். "சிரிப்பு வேற வருதா உனக்கு?"

பவுலின் மார்க்கைப் பார்க்கவில்லை. தாளின் மூலையில் இருந்த கல்லூரி முத்திரைமேல் விரலை வைத்திருந்தாள். கிடைத்த தேதி: டிசம்பர் 19.